கல்வெட்டில் யார் பெயர் முதலில்? சபைப் பதவி, ஆசை, தாழ்மை பற்றி ஒரு கேள்வி

சேகரத்து ஜெபா:

எல்லாருக்கும் ஸ்தோத்திரம். ரொம்ப நாளாக இங்கே வாசிக்க மட்டும் செய்தேன், எழுதுவது இதுதான் முதல் தடவை. மனசு பாரமாக இருக்கிறது, கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் தெற்கே, சி.எஸ்.ஐ., அதாவது தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த சபை. கோபுரத்துப் பூச்சு உதிர்ந்துபோய், இரண்டு வருஷமாகக் காணிக்கை சேர்த்து, வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் அனுப்பினதையும் போட்டு ஒருவழியாக வேலையை முடித்தோம். பிரதிஷ்டைக்குத் தேதி குறித்தாயிற்று, அசனத்துக்கு, அதாவது சபை விருந்துக்கு, அரிசியும் சொல்லியாயிற்று. அப்புறம் கல்வெட்டு வந்தது. கறுப்பு கிரானைட், பொன் எழுத்து, மேலே பேராயர் பெயரில் தொடங்கி மொத்தம் 14 பெயர். அதில் பொருளாளர் பெயர் டி.சி. (ஒரு பேராயரின் கீழுள்ள சபைகளெல்லாம் சேர்ந்த திருமண்டலத்தின் பெரிய மன்றம்) மெம்பர் பெயருக்குக் கீழே வந்துவிட்டது. அவ்வளவுதான். ஞாயிறு ஆராதனை முடிந்து கோயிலை ஒட்டின வெஸ்ட்ரி அறையில் ஆரம்பித்த சத்தம் வெளியே வேப்பமரம் வரைக்கும் கேட்டது. நேற்று வரை ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாட்டுப் பாடினவர்கள் ஒருத்தர் அப்பாவை ஒருத்தர் இழுத்துப் பேசினார்கள். எங்கள் சபைக் குருவானவர் ஐயர் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நின்றார். கோபுரத்தில் சாரம் கட்டிப் பூசின கொத்தனார் பாக்கிக் கூலி கேட்க வந்திருந்தார், சத்தத்தைக் கேட்டு வாசற்படியிலேயே கொஞ்சநேரம் நின்றுவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய்விட்டார். கல்வெட்டு இப்போது வெஸ்ட்ரிச் சுவரோரம் சாக்கு சுற்றிக் கிடக்கிறது. பிரதிஷ்டை இரண்டு மாதமாக நிற்கிறது.

இப்போது என் விஷயம். தேர்தல் வருகிறது. ஓர் அணியிலிருந்து என்னை டி.சி.க்கு நிற்கச் சொல்லி வீட்டுக்கே வந்தார்கள். "உனக்கு நல்ல பெயர் இருக்கு, நீ பார்த்த கணக்கில் ஒரு பைசா இடிக்கவில்லை, நீ நின்றால் வாலிபர் ஓட்டு தானாக வந்துவிடும்" என்றார்கள். உண்மையைச் சொல்கிறேன், அதைக் கேட்டபோது உள்ளுக்குள் இனித்தது. அன்று ராத்திரி பெரிய மன்றத்தில் நான் எழுந்து பேசுவதுபோல நினைத்துப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தேன். மறுநாள் காலையில் அதுவே பயமாக இருந்தது. கல்வெட்டுக்குச் சண்டை போட்ட அந்த இரண்டு பேருக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? நிற்கலாமா, வேண்டாமா? பதவியை விரும்புவதே பாவமா?

நாசரேத் எபி:

நிற்காதே தம்பி. நான் 30 வருஷமாகப் பார்க்கிறேன், நல்ல பிள்ளையாக உள்ளே போய் நல்ல பிள்ளையாக வெளியே வந்தவர் எனக்குத் தெரிந்து ஒருவர்கூட இல்லை. சீஷர்களான யாக்கோபும் யோவானும் ஆண்டவருக்கு வலது பக்கமும் இடது பக்கமும் இடம் கேட்டார்களே, அவர்களும் நல்ல பிள்ளைகள்தான், வலையையும் படகையும் விட்டுவிட்டு வந்தவர்கள்தான். ஆண்டவர் என்ன சொன்னார்? "உங்களுக்குள்ளே அப்படியிருக்கலாகாது." மாற்கு 10:43, எடுத்து வாசி. ஓரமாக இரு, வாலிபர் கூட்டத்தை நடத்து, ஜெபம் பண்ணு.

பழைய வாத்தியார்:

தம்பி ஜெபா, உன் பதிவில் இரண்டு கேள்விகள் ஒன்றுக்குள் ஒன்று பின்னிக் கிடக்கின்றன. பதவியை விரும்புவது ஒன்று, பதவிக்காக ஆள் சேர்ப்பது இன்னொன்று. வேதம் இரண்டையும் ஒரே வார்த்தையால் சொல்லவில்லை. கொஞ்சம் கிரேக்கம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்.

பவுல் பிலிப்பி ஊர்ச் சபைக்கு எழுதின கடிதத்தில் பிலிப்பியர் 2:3 நமக்கு மனப்பாடம்: "ஒன்றையும் வாதினாலாவது வீண்பெருமையினாலாவது செய்யாமல்." இந்த 'வாது' இருக்கிற இடத்தில் மூலத்தில் இருப்பது எரிதெயா என்ற சொல். அதற்கு வேர் எரிதொஸ், அதாவது கூலிக்கு வேலை செய்கிறவன். கூலிக்காரனைக் குறைவாகச் சொல்லவில்லை, அவன் உழைப்பு மரியாதையானது. ஆனால் பொதுக்காரியத்துக்குள் கூலி மனசோடு நுழைகிறவன், எனக்கு இதில் என்ன கிடைக்கும் என்று கணக்குப் போட்டு இறங்குகிறவன் என்று சொல் பிறகு திரிந்துபோயிற்று. பவுலுக்கு ஏறக்குறைய 400 வருஷம் முன்னால் அரிஸ்டாட்டில் இதே சொல்லை எதற்குப் பயன்படுத்தினார் தெரியுமா? பதவிக்காக உள்ளுக்குள் ஆள் பிடித்து ஓட்டுத் திரட்டுவதற்கு! ஹெராயியா என்ற ஊரில் இப்படி ஆள் பிடித்தவர்களே திரும்பத் திரும்ப ஜெயித்ததால், ஊரார் தேர்தலையே நிறுத்திவிட்டுச் சீட்டுக் குலுக்கிப் பதவி கொடுக்க ஆரம்பித்தார்கள் என்று எழுதுகிறார். பவுல் காலத்தில் அந்தச் சொல்லில் எவ்வளவு தேர்தல் வாடை மிச்சம் இருந்தது என்பதில் அறிஞர்களுக்குள் கருத்து வேற்றுமை உண்டு. ஆனால் நம்முடைய பொது மொழிபெயர்ப்பை எடுத்துப் பார், அந்த இடத்தில் 'கட்சி மனப்பான்மை' என்றே போட்டிருக்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படுகிறது.

இன்னொன்று. பிலிப்பி எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால் உன் கல்வெட்டுக் கதை 2000 வருஷப் பழசு என்று புரியும். கி.மு. 42ல் அங்கே பெரிய யுத்தம் நடந்தது, அதன்பிறகு ரோமப் படையில் ஓய்வு பெற்றவர்களுக்கு நிலம் கொடுத்துக் குடியேற்றிய ஊர். அப்போஸ்தலர் 16:12ல் "ரோமர் குடியேறினதுமான பிலிப்பி பட்டணம்" என்று வருகிறதே, அதுதான். பதவிப் பெருமை அந்த ஊரின் காற்றில் இருந்தது. தோண்டி எடுத்த கல்வெட்டுகளில் ஒருவன் நகரசபை உறுப்பினன் ஆனது, பிறகு இன்ன அதிகாரி ஆனது, பிறகு நகரத் தலைவர் இருவரில் ஒருவன் ஆனது என்று ஏறின படிகளை வரிசையாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அந்த ஊர்ச் சபைக்குத்தான் பவுல் எழுதுகிறார். எப்படித் தொடங்குகிறார் பார்: தன்னை அப்போஸ்தலன் என்று சொல்லவில்லை, ஊழியக்காரன் என்கிறார், மூலத்தில் அது அடிமை. முதலில் பரிசுத்தவான்கள் அனைவருக்கும் வாழ்த்து, அதற்குப் பிறகுதான் சபையை நடத்துகிற கண்காணிகளுக்கும் உதவிக்காரருக்கும். 3ஆம் அதிகாரத்தில் தானும் ஒரு கல்வெட்டு எழுதுகிறார்: எட்டாம் நாளில் விருத்தசேதனம், இஸ்ரவேல் வம்சம், பென்யமீன் கோத்திரம், எபிரெயன், பரிசேயன். எழுதி முடித்த கையோடு எல்லாம் நஷ்டம், குப்பை என்று தள்ளிவிடுகிறார். அந்தக் கடிதத்தை வாசிக்கக் கேட்ட பிலிப்பி ஆட்களுக்கு முகம் எப்படி ஆகியிருக்கும் என்று அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

சரி, ஆசைக்கு வருகிறேன். 1 தீமோத்தேயு 3:1: "கண்காணிப்பை விரும்புகிறவன் நல்லவேலையை விரும்புகிறான்." பவுல் விருப்பத்தைத் திட்டவில்லை. ஆனால் 'வேலை' என்கிறார். அன்று ராத்திரி நீ நினைத்துப் பார்த்தது பேசுவதையா, வேலையையா? அதை உன்னைத் தவிர வேறு யாரும் சொல்ல முடியாது.

சேகரத்து ஜெபா:

வாத்தியார் ஐயா, பேசுவதைத்தான் நினைத்தேன். வேலை என்னவென்றுகூட எனக்குச் சரியாகத் தெரியாது என்று உங்கள் பதிவை வாசித்தபிறகுதான் உறைக்கிறது.

லில்லி டீச்சர்:

தம்பி, உன் மனசு நல்ல மனசு. ஆனால் எபி அண்ணன் சொன்ன 'ஓரமாக இரு' என்பதில் எனக்குச் சம்மதம் இல்லை, இதைச் சொல்லியே ஆக வேண்டும்.

தாழ்மை தாழ்மை என்று பிரசங்கம் எப்போதெல்லாம் வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? எங்கள் பெண்கள் ஐக்கியச் சங்கம் வருஷம் முழுக்க முறுக்கும் அச்சுப்பலகாரமும் சுட்டு விற்று, கைப்பிடி அரிசி சேர்த்து, ஒலிபெருக்கி வாங்கிக் கொடுத்தது. அந்தப் பணம் ஒலிபெருக்கிக்குத்தான் போயிற்றா, பில்லைக் காட்டுங்கள் என்று ஒரு வயதான அம்மா கேட்டார்கள். அடுத்த ஞாயிறே பிலிப்பியர் 2ல் பிரசங்கம்! "ஒருவரையொருவர் மேன்மையானவர்களாக எண்ணுங்கள்" என்று பெண்கள் பக்கத்தைப் பார்த்தே பேசினார்கள். அந்த அம்மா அப்புறம் சங்கக் கூட்டத்துக்கே வருவதில்லை. சேரியிலிருந்து வருகிற குடும்பங்கள் கமிட்டியில் ஓர் இடம் கேட்டபோதும் இதே வசனத்தைத்தான் எடுத்தார்கள்.

அதே அதிகாரத்தில் ஆறாம் வசனத்தையும் ஏழாம் வசனத்தையும் யாரும் நிதானமாக வாசிப்பதில்லை. தேவனுடைய ரூபமாயிருந்த கிறிஸ்து "தம்மைத்தாமே வெறுமையாக்கி". வெறுமையாக்க அவரிடம் ஏதோ இருந்தது. இருக்கிறவன் இறங்குவதைப் பற்றித்தான் அங்கே பேச்சு. ஏற்கெனவே தரையில் உட்கார்ந்திருக்கிறவளைப் பார்த்து இன்னும் இறங்கு என்று சொல்ல அந்த வசனத்தில் இடம் எங்கே இருக்கிறது? பவுலும் பிலிப்பியில் வாயை மூடிக்கொண்டு போகவில்லை. அடிவாங்கிச் சிறையில் கிடந்தார், மறுநாள் காலையில் ரகசியமாக விடுதலை பண்ண ஆள் அனுப்பினார்கள். விசாரிக்காமல் ரோமராகிய எங்களை எல்லார் முன்னாலும் அடித்துவிட்டு இப்போது ரகசியமாய் அனுப்புவதா, அவர்களே வந்து அழைத்துக்கொண்டு போகட்டும் என்று சொல்லிவிட்டார். அப்புறம் அதே கடிதத்தின் 4ஆம் அதிகாரத்தில் எயோதியாள், சிந்திகேயாள் என்று இரண்டு பெண்களுக்குப் பேர் சொல்லிப் புத்தி சொல்கிறாரே, நமக்கு அவர்கள் சண்டை மட்டும்தான் ஞாபகம். சுவிசேஷத்துக்காகத் தன்னோடு சேர்ந்து பாடுபட்டவர்கள் என்றும் அவர்களைப் பற்றித்தான் எழுதியிருக்கிறார்.

எங்கள் சி.எஸ்.ஐ.யில் ஒரு பெண் பேராயர் ஆனது 2013ல். 1947ல் ஆரம்பித்த சபை. 66 வருஷம். அவ்வளவு காலமும் பெண்களுக்குத் தாழ்மை போதவில்லை என்றா அர்த்தம்?

டோர்னக்கல் போனவன்:

அக்கா சொன்னதும் ஒருவரைப் பற்றி எழுத வேண்டும்போல் இருக்கிறது. எல்லாருக்கும் பேர் தெரியும், பேராயர் அசரியா. நம்ம வெள்ளாளன்விளைக்காரர், 1874ல் பிறந்தவர், அப்பா அதே ஊரில் குருவானவர். கிறிஸ்தவ வாலிபர் சங்கமான ஒய்.எம்.சி.ஏ.யில் செயலராக ஊர் ஊராகச் சுற்றி, ஆங்கிலத்தில் மேடையேறிப் பேசி, அப்படியே மேலே மேலே போயிருக்கலாம். 1903ல் திருநெல்வேலி இந்திய மிஷனரி சங்கம் ஆரம்பித்ததில் முக்கியமான ஆள் அவர். மற்றவர்களை அனுப்பிவிட்டு நாம் இங்கே உட்கார்ந்திருப்பதா என்று 1909ல் தானே தெலுங்குப் பகுதியில் இருக்கிற டோர்னக்கலுக்குக் கிளம்பினார். தெலுங்கு புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

சில வருஷம் முன்னால் வேலை விஷயமாக அந்தப் பக்கம் போனபோது டோர்னக்கல் ஜங்ஷனில் இறங்கினேன். விஜயவாடா போகிற லைனில் இருக்கிறது, இன்றைக்கும் சின்ன ஊர்தான். பேராலயம் ஒன்று நிற்கிறது, 1939ல் பிரதிஷ்டை ஆனது. கோயில் மண்டபம் மாதிரித் தூண்கள், மசூதி மாதிரிக் கும்மட்டம், எல்லாம் சேர்ந்து பார்க்கவே புதுமாதிரி. வெயிலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனால் தரை சில்லென்று இருந்தது. வெளியே அவருடைய கல்லறை. ரொம்ப நேரம் நின்றேன்.

லில்லி அக்கா சொன்ன விஷயத்துக்கு இவர்தான் எனக்குச் சாட்சி. 1910ல் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. கூடியிருந்தவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள். இவருக்கு அப்போது 35 வயது, இன்னும் பேராயர்கூட ஆகவில்லை. எழுந்து, மிஷனரிகளுக்கும் இந்திய ஊழியர்களுக்கும் நடுவே இருக்கிற இடைவெளியைப் பற்றி முகத்துக்கு நேராகப் பேசினார். கைகுலுக்குவது, நாற்காலி போடுவது, விருந்து, தேநீர், இவையெல்லாம் வெறும் சடங்காக எனக்கு வேண்டாம், சிநேகத்தின் அடையாளமாக இருந்தால் அத்தனையும் வேண்டும், அதற்கு மேலும் வேண்டும் என்றார். உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையும் கொடுத்தீர்கள், அன்பையும் கேட்கிறோம், சிநேகிதரைத் தாருங்கள் என்று முடித்தார். அந்த அரங்கில் பலருக்கு அது பிடிக்கவில்லை. தாழ்மை இல்லாதவன் என்று அன்றைக்கும் யாராவது சொல்லியிருப்பார்கள்.

1912 டிசம்பர் 29ல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம். இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இந்தியன் எப்படி வெள்ளைக்கார மிஷனரிகளுக்கு மேலே வரலாம் என்று எதிர்ப்பு வந்தது, சாதியைச் சொல்லி நம்மவர்களே எதிர்த்ததும் நடந்தது. பதவி வந்தபிறகு மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். ஞானஸ்நானம் பெற்ற ஏழைக் கூலிக்காரனைத் தன் தலையில் தானே கைவைத்து, நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தைப் பிரசங்கியாவிட்டால் எனக்கு ஐயோ என்று சொல்ல வைப்பாராம். ஊரில் யாரும் ஆளாகவே மதிக்காத ஒருவனுக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்திருக்கும்!

சபைகள் ஒன்றாக வேண்டும் என்று கடைசி வரை உழைத்தார். 1945 ஜனவரி 1ல் போய்ச் சேர்ந்துவிட்டார். தென்னிந்தியத் திருச்சபை உருவானது 1947 செப்டம்பர் 27. தான் நட்டதை அவர் கண்ணால் பார்க்கவில்லை.

நாசரேத் எபி:

தம்பி, அருமையாக எழுதினீர்கள். டீச்சர் சொன்னதையும் ஒத்துக்கொள்கிறேன், ஓரமாக இரு என்று நான் சொன்னது அப்படித் தைக்கும் என்று நினைக்கவில்லை, மன்னிக்கணும் டீச்சர். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள், அசரியா யார் வீட்டுக் கதவையும் தட்டி ஓட்டுக் கேட்கவில்லை. கூப்பிட்டார்கள், போனார். ஜெபாவை ஓர் அணி கூப்பிடுகிறது. அணி கூப்பிட்டுப் போகிறவன் அணிக்குத்தான் பதில் சொல்ல வேண்டும். இதைச் சொல்ல எனக்குக் கிரேக்கம் வேண்டாம்.

பெயர் வேண்டாம்:

எபி அண்ணன் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை. நான் ஒரு முறை டி.சி.யாக இருந்தவன். எந்தத் திருமண்டலம் என்று கேட்காதீர்கள்.

நானும் ஜெபா தம்பி மாதிரித்தான் உள்ளே போனேன். நல்ல பெயர், சுத்தமான கணக்கு, என்னை அணியில் முன்னால் நிறுத்தினார்கள். ஓட்டுக்கு முந்தின நாள் எங்களையெல்லாம் வேனில் ஏற்றி ஒரு லாட்ஜுக்குக் கொண்டுபோய், போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ராத்திரி ஜெபக்கூட்டமும் நடத்தினார்கள். காலையில் யாருக்குப் போட வேண்டும் என்று ஒரு சின்னத் தாளில் எழுதிக் கொடுத்தார்கள், பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டு போனேன்.

ஏன் இவ்வளவு போட்டி என்று வெளியே இருப்பவர்களுக்குப் புரியாது. திருமண்டலத்துக்குப் பள்ளிக்கூடங்கள், கல்லூரிகள், நிலம், கடைவாடகை எல்லாம் இருக்கிறது. அரசு உதவி பெறும் பள்ளி என்றால் சம்பளம் கொடுப்பது அரசு, ஆளை எடுப்பது நிர்வாகம். ஒரு வாத்தியார் போஸ்டிங் என்பது ஒரு குடும்பத்துக்கு 30 வருஷச் சோறு. அந்தக் கையெழுத்து யார் கையில் இருக்கிறது என்பதற்காகத்தான் அத்தனை ஓட்டமும். வாத்தியார் ஐயா சொன்ன கூலி இதுதான்.

நான் ஜெயித்த நாலாவது மாதம், ஒரு பெரியவர் காலையில் என் வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்தார். மகள் பி.எட். முடித்துவிட்டு 6 வருஷமாகச் சும்மா இருக்கிறாள். கையில் மஞ்சப்பை. உள்ளே வீட்டுப் பத்திரம், நாலாக மடித்து பிளாஸ்டிக் கவரில் போட்டிருந்தார். "எவ்வளவு ஆகும்னு சொல்லுங்க ஐயா, இதை வச்சிடுறேன்" என்றார். என் மனைவி காபி கொடுத்தாள், டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கியது. நான் வாங்கவில்லை. நான் வாங்குகிறவன் இல்லை என்று அன்றைக்குப் பெருமையாகக்கூட நினைத்தேன். ஆனால் யாரைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று கை காட்டினேன். அவர் எழுந்து என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

அந்தக் கும்பிடு இன்னும் என் மேல் கிடக்கிறது. அடுத்த முறை நான் நிற்கவில்லை. அதைத் தாழ்மை என்று பலர் பாராட்டினார்கள். தாழ்மை இல்லை, வெட்கம். தாழ்மை இருந்திருந்தால் அந்தப் பெரியவரைக் கூட்டிக்கொண்டு நேராகக் கூட்டத்துக்குப் போய் எல்லார் முன்னாலும் கேட்டிருப்பேன்.

லில்லி டீச்சர்:

அண்ணன், நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. இன்றைக்கு ராத்திரி உங்களுக்காகவும் அந்தப் பெரியவருக்காகவும் ஜெபிப்பேன்.

தனிச்சபை தாவீது:

உங்கள் தேர்தல் சண்டையைப் பார்த்து வெறுத்துப்போய் எங்கள் அப்பா 90களில் சி.எஸ்.ஐ.யை விட்டு ஒரு சுயாதீன சபைக்கு வந்தார். இங்கே ஓட்டு இல்லை, அணி இல்லை, லாட்ஜ் இல்லை. ஆரம்பத்தில் நிஜமாகவே பரலோகம் மாதிரி இருந்தது என்பார். 20 பேர், ஓலைக் கொட்டகை, பாஸ்டரே பாயை விரித்து அவரே சுருட்டுவார்.

இப்போது 3000 பேர். போஸ்டரில் பாஸ்டர் முகம் ஆளுயரத்துக்கு, ஆண்டவர் பெயர் கீழே சின்ன எழுத்தில். ஊழியம் மகனுக்குப் போகிறது, மகனுக்கு வாக்குத்தத்தம் இருக்கிறது என்று தீர்க்கதரிசனமும் வந்துவிட்டது. டிரஸ்டில் இருக்கிறவர்கள் எல்லாரும் ஒரே குடும்பம். போன வருஷம் ஒரு மூப்பர் கணக்கைப் பற்றி மரியாதையாகத்தான் கேட்டார். "அபிஷேகம்பண்ணப்பட்டவரைத் தொடாதே" என்று மேடையிலிருந்து சொன்னார்கள். இரண்டு வாரத்தில் அவர் குடும்பத்தோடு யாரும் பேசக்கூடாது என்று ஆகிவிட்டது. 3 யோவானில் தியோத்திரேப்பு என்று ஒருவன் வருகிறானே, முதன்மையாயிருக்க விரும்பினவன், ஏற்றுக்கொள்ள மனதாயிருக்கிறவர்களையும் தடைசெய்து சபைக்குப் புறம்பே தள்ளினவன், அதை வாசித்தபோது எனக்கு எங்கள் சபை ஹால்தான் கண்முன் வந்தது.

அதனால் ஜெபா அண்ணன், தேர்தலே கெட்டது என்று மட்டும் முடிவு பண்ணிவிடாதீர்கள். உங்களிடம் ஒருத்தரை இறக்கவாவது ஒரு வழி இருக்கிறது. எங்களிடம் அதுவும் இல்லை.

அந்தோணி, கத்தோலிக்கன்:

உள்ளே வரலாமா? எங்களில் ஆயரை ஓட்டுப் போட்டு எடுப்பதில்லை, மேலிருந்து வருகிறது. அதனால் ஆசை இல்லை என்று அர்த்தம் இல்லை, அது வேறு வாசல் வழியாக வரும்.

வாத்தியார் ஐயா சொன்ன 1 தீமோத்தேயு 3:1 பற்றி ஒரு விஷயம். 590ல் பாப்பரசர் ஆன பெரிய கிரகோரியார், மேய்ப்பர்களுக்கு எழுதின நூலில் இதே வசனத்தை எடுக்கிறார். பதவி ஆசைக்கு இந்த வசனத்தைச் சாக்காகச் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்கிறார்: பவுல் அதை எழுதின காலத்தில் சபைக்குத் தலைவனாக இருப்பவனைத்தான் முதலில் சித்திரவதைக்கு இழுத்துப் போவார்கள், அந்தக் காலத்தில் அதை விரும்பினவன் பாராட்டுக்குரியவன். எனக்கு இது வயிற்றில் குத்தின மாதிரி இருந்தது. கடவுளின் ஊழியர்களுக்கு ஊழியன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவரும் அவர்தான்.

இயேசு சீடர்களின் காலைக் கழுவினதை நினைத்துப் பெரிய வியாழன் பாதம் கழுவுவதையும் சொல்ல வேண்டும். எங்கள் பங்குக் கோயிலில் 12 பேரை முன்கூட்டியே சொல்லிவைத்து, அவர்கள் வீட்டிலேயே காலை நன்றாகக் கழுவிக்கொண்டு வந்து உட்காருவார்கள், பெரும்பாலும் பங்குப் பேரவை ஆட்கள். 2013ல் பிரான்சிஸ் பாப்பரசர் ரோமில் ஒரு சிறார் சிறைக்குப் போய்க் கழுவினார், அதில் பெண்பிள்ளைகள் இருந்தார்கள், இஸ்லாமியரும் இருந்தார்கள். அதை டிவியில் பார்த்துவிட்டு என் அம்மா, "சாமி காலைக் கழுவுறதுக்கு முன்னாடி கதவைத் திறந்து உள்ள போயிருக்காரு பாரு" என்றார்கள். அந்த வருஷத்திலிருந்து எனக்கு அந்தச் சடங்கில் தண்ணீரைவிட யாருடைய கால் என்பதுதான் கண்ணில் படுகிறது.

இன்னொன்று, வாத்தியார் சொன்ன சீட்டு. எகிப்தில் பழைய கிறிஸ்தவச் சபையான காப்டிக் சபை அப்படித்தான் இன்றும் செய்கிறது. 2012ல் தலைவர் பதவிக்கு ஓட்டுப் போட்டு மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, மூன்று பெயரையும் பலிபீடத்தில் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து, ஒரு சின்னப் பையனுக்குக் கண்ணைக் கட்டி ஒன்றை எடுக்க வைத்தார்கள். அப்படி வந்தவர்தான் இரண்டாம் தவாத்ரோஸ். மத்தியாவை அப்போஸ்தலர் கூட்டத்தில் சேர்த்ததும் சீட்டுப் போட்டுத்தானே. உங்கள் திருமண்டலங்களில் யாராவது இதைக் கேட்டுப் பார்க்கக்கூடாதா?

பெயர் வேண்டாம்:

கேட்கலாம், நல்ல யோசனைதான், ஓட்டுக்குப் பணம் கொடுப்பது குறையும். ஆனால் சீட்டில் வந்தவன் கையிலும் அதே போஸ்டிங் இருக்கும், திண்ணையில் அதே மஞ்சப்பை வந்து உட்காரும். ஆள் எடுப்பதை மதிப்பெண் போட்டு, பட்டியலைக் கோயில் பலகையில் ஒட்டி, யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி செய்தால் பாதிப்பேர் தேர்தலில் நிற்கவே மாட்டார்கள். நான் பார்த்த வரைக்கும் சொல்கிறேன்.

பழைய வாத்தியார்:

இந்த இழையில் எனக்கு நிறையக் கிடைத்தது. ஒன்று மட்டும் சேர்க்கிறேன். பிலிப்பியர் 1ல், பவுல் காவலில் கட்டப்பட்டிருக்கும்போது வெளியே சிலர் பொறாமையால் பிரசங்கிக்கிறார்கள், அவருடைய கட்டுகளோடு இன்னும் உபத்திரவம் கூட்ட நினைத்து. அங்கேயும் அதே எரிதெயா. அவர்களைப் பற்றி அவர் சொல்வது, "இதனாலென்ன? எப்படியாவது கிறிஸ்து அறிவிக்கப்படுகிறார்." தன் பெயரைக் கெடுக்க வந்தவர்களை அவ்வளவு லேசாக விட்டுவிட்டார். ஆனால் அதே மனசு சபைக்குள் வந்து ஒருவரையொருவர் பிரிக்கும்போது, இரண்டாம் அதிகாரத்தில் விடவில்லை. தனக்கு வந்த அவமானத்தை விடலாம், அடுத்தவனுக்கு நடந்த அநியாயத்தை விட நமக்கு அதிகாரம் இல்லை என்று அதிலிருந்து நான் எடுத்துக்கொள்கிறேன். நாம் பெரும்பாலும் தலைகீழாகச் செய்கிறோம்.

சேகரத்து ஜெபா:

எல்லாருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அச்செடுத்து இரண்டு தடவை வாசித்தேன்.

நடந்ததைச் சொல்கிறேன். அணிக்காரர்களிடம் போன புதன்கிழமை முடியாது என்று சொல்லிவிட்டேன். ஒருவர் கோபப்பட்டார், "நீ வரலைன்னா யார் வருவான்னு தெரியும்ல" என்றார். தெரியும், அது எனக்கு வருத்தம்தான். டி.சி.க்கு நான் நிற்கவில்லை. எங்கள் ஊர் அளவிலான சேகரக் கமிட்டிக்கு மட்டும் தனியாக நிற்கிறேன், கணக்கு எனக்குத் தெரிந்த வேலை. வீடு வீடாகப் போய் ஓட்டுக் கேட்கப் போவதில்லை. ஜெயித்தால் மாதாமாதம் வரவு செலவைக் கோயில் வாசல் பலகையில் ஒட்டுவேன், ஒட்டவில்லை என்றால் யார் வேண்டுமானாலும் ஆராதனை முடிந்ததும் எழுந்து கேட்கலாம் என்று எழுதி ஐயரிடம் கொடுத்திருக்கிறேன். 'பெயர் வேண்டாம்' அண்ணன் சொன்னதிலிருந்துதான் அது தோன்றியது. தோற்பேன் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஆசை போய்விட்டதா என்றால் இல்லை, நேற்றுகூட எனக்கு எத்தனை ஓட்டு வரும் என்று மனசு கூட்டிப் பார்த்தது.

கொத்தனார் வீட்டுக்கு ஐயரும் நானும் போய்ப் பாக்கிக் கூலியைக் கொடுத்துவிட்டு வந்தோம். கல்வெட்டு இன்னும் சாக்குக்குள்தான் இருக்கிறது. பின்பக்கத்தைத் திருப்பி வருஷமும் ஒரு வசனமும் மட்டும் வெட்டலாமா என்று ஐயர் கேட்டிருக்கிறார், பதில் வரவில்லை.

வாக்காளர் பட்டியல் வரைவு அடுத்த ஞாயிறு ஒட்டுவார்கள். அதில் என்ன பார்க்க வேண்டும், அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

லில்லி டீச்சர்:

தம்பி, விதவைகள் பெயரை முதலில் பார். சந்தா பாக்கி என்று சொல்லி அவர்கள் பெயரைத்தான் முதலில் எடுப்பார்கள். ரசீது வைத்திருக்கிறார்களா என்று பட்டியல் ஒட்டும் முன்பே வீட்டுக்குப் போய்க் கேள், பல பேர் அதை வேதபுத்தகத்துக்குள் வைத்திருப்பார்கள்.